ஈர மணலில் நாலு கோடை: அடி அண்ணாமலையில் ஒரு பர்கண்டி பாட்டில்

கிரிவலம் போவது எப்படி என்று எழுத இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த வேலை வேண்டாம். நான் எழுதப்போவது திருவண்ணாமலையில் ஒரு வெள்ளை பர்கண்டி ஒயினைச் சுவைத்து மதிப்பிட்ட கதை. அந்த ஊரில் ஒயினா என்று கேட்பீர்கள். அந்த ஊரில்தான். அதுவும் மதுவிலக்கு அமலில் இருந்த 1979 மார்ச்சில், போலீஸ் ஸ்டேஷன் மேசைமேல் வைத்து. பாண்டிச்சேரியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிய பயணம் அது. நேரமும் கட்டணமும் அன்றைக்கு நோட்டில் குறித்து வைத்தபடியே தருகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாண்டிச்சேரிக்காரன். இருபது வயதில் பிரான்சுக்குப் போய், பர்கண்டியில் ஒரு ஒயின் வியாபாரியின் நிலவறையில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவன். முதல் மூன்று வருஷம் பீப்பாய் கழுவினேன். பிறகு என் மூக்கு நல்ல மூக்கு என்று யாரோ கண்டுபிடித்து, சுவைக்கிற மேசையில் உட்கார வைத்தார்கள். காலையில் முப்பது ஒயினை வாயில் ஊற்றி, முப்பதையும் துப்பி, எது தேறும், எது தேறாது என்று சொல்ல வேண்டும். சம்பளம் சுமார்தான், தலைக்கனம் ஜாஸ்தி. ஒயின் விஷயத்தில் ஒரு பொய் சொன்னதில்லை என்பதுதான் அந்தத் தலைக்கனத்துக்கு முக்கியக் காரணம். 1973இல் ஊர் திரும்பி, கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்தேன்.

அந்தக் கடைக்கு மாதம் ஒருமுறை வருவார் ரெனே என்ற பிரெஞ்சுக்காரர். திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை கிராமத்தில் முனுசாமி என்ற விவசாயியின் வீட்டை ஒட்டிய அறையில் வாடகைக்கு இருந்தவர். மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை. அவரிடம் ஒரே ஒரு பாட்டில் இருந்தது. 1969ஆம் வருஷத்து வெள்ளை ஒயின், பர்கண்டியில் மெர்சோ என்ற கிராமத்தில் செய்தது. அவர் அப்பா சாவதற்குக் கொஞ்சம் முன்னால் கையில் கொடுத்து, பத்து வருஷம் ஆகும்வரை திறக்காதே என்று சொன்னாராம். நல்ல வெள்ளை பர்கண்டிக்குப் பத்து வருஷம் தேவைதான். ஆனால் அந்தப் பத்து வருஷமும் அது இருட்டில், குளிர்ச்சியில், படுக்க வைத்தபடி கிடக்க வேண்டும். திருவண்ணாமலை வெயிலைத் தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் புரியும்.

1975இல் ரெனேவுக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியது. ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று பாட்டிலை முனுசாமியிடம் கொடுத்துவிட்டு வைத்தியத்துக்கு ஊர் போனார். ஆறு மாதம் நாலு வருஷம் ஆனது. 1979 பிப்ரவரியில் எனக்குக் கடிதம் வந்தது. இனிமேல் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். 'பத்து வருஷம் ஆகிவிட்டது. நீங்கள் போய்த் திறந்து சுவைத்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கெட்டிருந்தால் கெட்டதென்றே எழுதுங்கள்' என்று கேட்டிருந்தார். கையெழுத்து அவருடையது அல்ல. தங்கை எழுதியிருந்தாள்.

இங்கேதான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். பாண்டிச்சேரியில் பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் இந்த மடத்தனம் வரும். எங்கள் ஊரில் பாட்டில் என்பது மளிகைச் சாமான் மாதிரி. எல்லை தாண்டினால் மதுவிலக்கு என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் மண்டையில் ஏறாத விஷயம். பதினைந்து காசு கார்டு ஒன்று வாங்கி, முனுசாமிக்கு இப்படி எழுதினேன்: 'தாங்கள் பத்திரமாக வைத்திருக்கும் பிரெஞ்சு ஒயின் பாட்டிலை ருசி பார்க்க வரும் சனிக்கிழமை காலை வருகிறேன். பாட்டிலை அசைக்க வேண்டாம்.' கார்டு என்பது திறந்த கடிதம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது தபாலில் போடும்போது தோன்றவே இல்லை.

சனிக்கிழமை காலை 5.40க்குப் பாண்டிச்சேரியில் பஸ். திண்டிவனம், செஞ்சி வழியாக நூற்றைந்து கிலோமீட்டர், கட்டணம் ஆறு ரூபாய் இருபது பைசா. பையில் ஒரு துண்டு, துண்டுக்குள் சுற்றிய கண்ணாடிக் கோப்பை ஒன்று, தக்கையைத் திருகி எடுக்கும் கம்பி ஒன்று. எல்லைச் சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி எல்லோர் பையையும் துழாவினார். கம்பியைத் தூக்கிப் பார்த்து, "இன்னாங்க இது, மரத்துல ஓட்ட போடறதா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் தேடுவதே பாட்டிலைத்தான் என்பது கண்முன்னால் தெரிகிறது. அப்போதும் எனக்கு அந்தக் கார்டு ஞாபகம் வரவில்லை பாருங்கள்!

செஞ்சியில் பத்து நிமிஷம் பஸ் நின்றது. டீ முப்பது காசு, வாயில் வைக்க முடியாத இனிப்பு. சுவைக்கப் போகிறவன் நாக்கைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதென்று பாதியிலேயே வைத்துவிட்டேன். 9.10க்குத் திருவண்ணாமலை. அப்போது அது வட ஆற்காடு மாவட்டம், கலெக்டர் ஆபீசுக்கு வேலூர் போக வேண்டும். இப்போது வேங்கிக்காலில் நிற்கும் கலெக்டர் ஆபீஸ் கட்டடங்கள் எதுவும் அன்றைக்குக் கிடையாது. பஸ் நிலையத்தில் காதர் பாயின் ஜட்கா கிடைத்தது. அடி அண்ணாமலைக்கு மலையைச் சுற்றிக்கொண்டு ஏழு கிலோமீட்டர், மூன்று ரூபாய்.

"முனுசாமி வூட்டுக்கா?" பாய் குதிரையைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "பிரெஞ்சு பாட்டில் ருசி பாக்க வர்ற சாரு நீங்கதானா?"

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஊருக்கே தெரியும் சார். முனுசாமிக்குப் படிக்க வராது. உங்க கார்ட டீக்கடைல வெச்சித்தான் படிச்சாங்க. ரெண்டு தபா படிச்சாங்க. சிரிப்பு ஜாஸ்தியா இருந்துச்சாம், அதனால."

வீட்டு வாசலில் முனுசாமியின் மனைவி அஞ்சலை நின்றுகொண்டிருந்தார். நான் பெயர் சொல்வதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"காலைல எட்டு மணிக்கு ஜீப்பு வந்துச்சுங்க. அவரையும் பாட்டிலையும் சேர்த்து இட்டுக்கினு போயிட்டாங்க. கையில காப்பு இருக்குதுங்க அவருக்கு. பொழுது சாயறதுக்குள்ள அவரு வரலைன்னா என்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அவர்தான் சொன்னார். ஊரில் திரௌபதி அம்மன் தீமிதி. வியாழக்கிழமை முனுசாமிக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர் தீ மிதித்து முடிக்கும்வரை இரவில் ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. தங்கினால் காப்பை அறுத்துவிடுவார்கள். அந்த வீட்டுக்கு இனி எந்தக் காலத்திலும் காப்பு இல்லை. அதுவும் சாராயக் கேஸில் உள்ளே போனதற்காக அறுத்தார்கள் என்றால், ஒரு சொட்டுத் தொடாத மனுஷன் ஊரில் தலை காட்ட முடியாது. இவ்வளவையும் அஞ்சலை அழாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "உங்க கார்டுதாங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

கிளம்பும் முன் பாட்டில் இருந்த இடத்தைப் பார்த்தேன். அடுப்படி மூலையில் தண்ணீர்ப் பானைகள் நிற்கும் மணல் மேடை. பானை கசிந்து அந்த மணல் எப்போதும் ஈரமாகவே இருக்கும். வெயில் எட்டிப் பார்க்காத மூலை. பானைக்கு அடியில் பாட்டில் படுத்திருந்த தடம் அப்படியே இருந்தது. கையை உள்ளே விட்டேன். வெளியே பத்து மணிக்கே வெயில் கொளுத்துகிறது, மணலுக்குள் சில்லென்றிருந்தது. அந்தக் கவலைக்கு நடுவிலும், அடடா என்று தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

அதே ஜட்காவில் திருவண்ணாமலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வராந்தா பெஞ்சில் முனுசாமி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, ஒல்லி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. உள்ளே மேசைக்குப் பின்னால் சப்-இன்ஸ்பெக்டர், பேனா மூடியைக் கடித்துக்கொண்டு. மேசைமேல் பாட்டில். ஜன்னல் வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே போய்ப் பாட்டிலை எடுத்து நிழலில் வைத்துவிட்டுத்தான் மூச்சுவிட்டேன்.

"பொருள் உங்களுதா?" என்றார் எஸ்.ஐ.

இல்லை, வெயில் ஆகாது, அதனால் என்றேன். அவர் இழுப்பறையிலிருந்து என் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். என் கையெழுத்து இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

நடந்ததை எல்லாம் சொன்னேன். ரெனேவுக்கு அப்போது மது வைத்துக்கொள்ளப் பர்மிட் இருந்தது, முனுசாமி வெறுமனே காப்பாற்றி வைத்தவர், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். எஸ்.ஐ. கேட்டுக்கொண்டார்.

"பர்மிட்டு தொரை பேர்ல. பாட்டில் இவரு வூட்ல. சட்டத்துக்கு அது போதும் சார். டீக்கடைல படிச்சவங்க யாரோ உங்க கார்டோட எழுத்துல புகார் குடுத்திருக்காங்க, நான் கண்ண மூடிக்க முடியாது. மூணு மணிக்குள்ள ஒரு முடிவு எழுதணும். எழுதிட்டா கோர்ட்டு, அப்புறம் ரிமாண்டு. காப்புக் கட்டுன ஆள உள்ள வெக்க எனக்கு மட்டும் ஆசையா?" பேனா மூடியை மறுபடி கடித்தார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். நாலு வருசம் வூட்ல கெடந்த பொருளு. அது இன்னும் மதுதானா? கெட்டுப்போயி வினிகர் ஆயிருந்தா அது மளிகை சாமான். கேஸே கெடையாது. அத சொல்றதுக்கு விஷயம் தெரிஞ்ச ஆளு வேணும்."

விஷயம் தெரிந்த ஆள் நான்தான் என்றேன்.

"ஆனா இங்க நீங்க குடிச்சீங்கன்னா, உங்க மேலயும் கேஸு போடணும்."

"குடிக்க மாட்டேன். வாயில் வைத்துத் துப்பிவிடுவேன். என் தொழிலே அதுதான்."

"துப்பறதுக்கா பாண்டிச்சேரிலர்ந்து வந்தீங்க?" எஸ்.ஐ.க்கு நிஜமாகவே சந்தேகம். "துப்பறதுக்குச் சம்பளம் வேறயா? நல்ல உத்தியோகம் சார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, தொண்டைக்குள் இறங்காதவரை அது குடித்த கணக்கில் வராது என்று அவரே தீர்ப்புச் சொல்லி, துப்புவதற்கு ஒரு தகர டப்பாவையும் நகர்த்தி வைத்தார்.

இனி நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவு எழுதுவதே இதற்காகத்தான். லேபிள் ஈர மணலில் அழுகி உதிர்ந்துவிட்டது. தக்கையைத் திருகினேன். உடையாமல், நொறுங்காமல் முழுசாக வந்தது. மேலே காய்ந்த தூள் இல்லை, அடிப்பக்கம் மட்டும் ஈரம். அதில் 1969 என்ற முத்திரை. தக்கை இப்படி இருந்தாலே பாதி நல்ல சேதி.

கோப்பையில் மூன்று விரற்கடை ஊற்றினேன். நிறம், உருக்கிய நெய் ஆறுகிறபோது வரும் பொன்னிறம். கெட்ட வெள்ளை ஒயின் பழுத்துச் செம்மண் தண்ணீராக இருக்கும். இது அப்படி இல்லை, தெளிவாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் முதலில் வந்தது அப்போதுதான் உரசிய தீக்குச்சியின் நெடி. பர்கண்டியில் இதற்காகத் தவம் கிடப்பார்கள். கோப்பையைச் சுழற்றினேன். மழை பட்ட கல், பிறகு வெண்ணெய், வறுத்த முந்திரி, அடியில் கொஞ்சம் காளான், இன்னும் அடியில் எலுமிச்சைத் தோல். திராட்சை வாசனை துளிகூட இல்லை. வாயில் ஊற்றி உருட்டினேன். கனமாக வந்து, நடுவில் புளிப்பு நிமிர்ந்து, கடைசியில் மெல்லிய கசப்போடு முடிந்தது. தகர டப்பாவில் துப்பிவிட்டுச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ருசி வாயைவிட்டுப் போக நாற்பது நொடி ஆனது. நாலு கோடை பார்த்ததால் வயதுக்கு மேல் கொஞ்சம் முதிர்ந்திருந்தது, அது ஒன்றுதான் குறை. பழைய மேசையில் உட்கார்ந்திருந்தால் இருபதுக்குப் பதினேழு போட்டிருப்பேன். அந்த மேசையில் எட்டு வருஷத்தில் பதினேழைத் தாண்டியது எனக்குத் தெரிந்து ஆறோ ஏழோதான்.

எஸ்.ஐ. வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டார். "சொல்லுங்க, எழுதிக்கறேன்."

கெட்டுவிட்டது என்ற ஒரு வார்த்தை போதும், முனுசாமி வீட்டுக்குப் போய்விடலாம். அது வரவே மாட்டேன் என்றது. பதினொரு வருஷத் தலைக்கனம் குறுக்கே உட்கார்ந்துகொண்டது. வெளியே பெஞ்சில் மஞ்சள் கயிறு தெரிகிறது. வேறு வழி தெரியாமல், பழக்க தோஷத்தில் வாசனையை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"தீக்குச்சி உரசிய நெடி."

எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தார். எழுதினார்.

"ஈரக் கல். வெண்ணெய். காளான்."

"காளானா?" பேனா நின்றது. "திராட்சைல செஞ்சதுதானே சார் இது? திராட்சை வாசனையே வரலையா?"

"வரவில்லை. பத்து வருஷத்தில் அது போய்விடும்." போகத்தான் வேண்டும், அதுதான் அழகு என்ற அடுத்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அந்த ஸ்டேஷனில் நான் விழுங்கியது அது ஒன்றுதான்.

"மேல சொல்லுங்க."

"நடுவில் புளிப்பு. கடைசியில் கசப்பு. துப்பிய பிறகும் நாற்பது நொடி வாயைவிட்டுப் போகவில்லை."

"நாப்பது நொடியா! பாவம் சார் நீங்க, வாய் கொப்பளிக்கத் தண்ணி வேணுமா?" எஸ்.ஐ. முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசி வரியைத் தானாகவே எழுதிச் சத்தமாகப் படித்தார்: "ஆகவே மேற்படி திரவம் கெட்டுப்போனது என்று தெரியவருகிறது."

அப்போதுதான் வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

"கெடலைங்க!"

முனுசாமி எழுந்து வாசற்படியில் நின்றார். "எப்பிடிங்க கெடும்? நாலு வருசம் காலைல ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு மணல்ல ஊத்துனேன். ஒரு நாள் வுடல. வெளியூரு போனா அஞ்சலை ஊத்துனா. தொரை எங்கிட்ட குடுத்த பொருள நான் கெடவுட்டுருவனா?"

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த மனுஷன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாரே என்று எனக்குப் பதறியது. பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்து, "உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை முனுசாமி. உட்காருங்கள்" என்றேன். சொன்னது சத்தியம். எஸ்.ஐ. அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டார், அல்லது எடுத்துக்கொண்ட மாதிரி காட்டிக்கொண்டார். "வுடுய்யா. வெயில் காலத்துல மோரே நிக்கறதில்ல, இது எங்க நிக்கும்?" முனுசாமி உட்கார்ந்தார். அவர் முகத்தில் இப்போது பயம் இல்லை. அவமானம் இருந்தது.

நான் கையெழுத்துப் போட்டேன். என் வாக்கியங்களுக்குக் கீழே, எஸ்.ஐ.யின் வாக்கியத்துக்கு மேலே இருந்த சின்ன இடைவெளியில். அவர் அதைப் பார்த்தார். தாளை மடித்து இழுப்பறையில் வைத்தார்.

பாக்கியை அழித்துவிட வேண்டும் என்பது விதி. காப்புக் கட்டிய கை திறந்த பாட்டிலைத் தொடாது. ஆகவே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த புங்க மரத்தடியில் என் கையாலேயே ஊற்றினேன். பாட்டில் கழுத்திலிருந்து பொன்னிறமாக இறங்கி மண்ணில் போனது. தீக்குச்சி, வெண்ணெய், முந்திரி எல்லாம் ஒருமுறை எழுந்து வந்தன. எஸ்.ஐ. எனக்குப் பின்னால் வந்து நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கெட்டுப்போனத யாரும் இவ்ளோ மெதுவா ஊத்த மாட்டாங்க சார். பாக்கறவங்க பாக்கறாங்க. சீக்கிரம்."

பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அந்த ஒயினில் ஒரு சொட்டுகூட என் தொண்டைக்குள் இறங்கவில்லை. காலிப் பாட்டிலை ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டார்கள்.

மூன்றரைக்கு ஜட்கா கிளம்பியது. பாதி வழியில் முனுசாமி, "தொரைக்கு இன்னான்னு எழுதுவீங்க?" என்று கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. கெடவில்லை, அருமையாக இருந்தது, இவ்வளவு நன்றாகக் காப்பாற்றிய பாட்டிலை நான் அதிகம் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்போ நல்லதையா கொட்டுனீங்க?"

"உங்களை வீட்டுக்குக் கொண்டுவர வேறு வழி இல்லையே."

"எம் பேருக்கு நேரா கெட்டுப்போச்சின்னு எழுதி வெச்சிட்டு, நல்லத மண்ணுல ஊத்திட்டு வந்துட்டீங்க." மணிக்கட்டுக் கயிற்றைத் தொட்டுக் காட்டினார். "காப்புக்கு அம்மன் இருக்குதுங்க, அத அது பாத்துக்கும். பாட்டிலுக்கு நான்தானே பொறுப்பு?"

எனக்குச் சுருக்கென்றது. காதர் பாய் குதிரையிடம் ஏதோ பேசுவது மாதிரி பேசிக்கொண்டு வந்தார். 4.20க்கு வீடு. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. அஞ்சலை புருஷன் காலில் தண்ணீர் ஊற்றி உள்ளே அழைத்துப் போனார், எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். முனுசாமி மறுபடி வெளியே வரவில்லை. கார்டு எழுதிய பாவி என்பதைவிட நல்லதைக் கொட்டிய பாவி என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. 5.45 பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன்.

இப்போது இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பாண்டிச்சேரியிலிருந்து இன்றும் மூன்று, மூன்றரை மணி நேரம் பிடிக்கும். முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், செஞ்சி தாண்டும்போது வெயில் ஏறாமல் இருக்கும். அடி அண்ணாமலைக்கு ஆட்டோ தாராளமாகக் கிடைக்கிறது, ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். பௌர்ணமியன்று அந்தச் சாலையில் நிற்கக்கூட இடம் இருக்காது, கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு நாள் பாருங்கள். பாண்டிச்சேரியிலிருந்து பாட்டில் கொண்டு போகாதீர்கள், சோதனைச்சாவடி இன்னும் இருக்கிறது. நல்ல ஒயின் கையில் இருந்து, குளிர்ச்சியான அறை இல்லாதவர்கள், தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் படுக்க வையுங்கள். லேபிள் போய்விடும், ஒயின் பிழைக்கும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

ரெனேவுக்கு எழுதினேன். ஸ்டேஷனில் நான் சொன்ன வாக்கியங்களை அதே வரிசையில், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் பிரெஞ்சில் எழுதினேன். எஸ்.ஐ.யின் கடைசி வரியை மட்டும் சேர்க்கவில்லை. யார் காப்பாற்றியது, எப்படிக் காப்பாற்றியது, கடைசியில் எங்கே ஊற்றினேன் என்பதையும் எழுதினேன். ஜூனில் பதில் வந்தது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல், அதே 5.40 பஸ்ஸில் போனேன்.

முனுசாமி வீட்டில்தான் இருந்தார். தீமிதி நல்லபடியாக முடிந்ததாம், காலில் ஒரு கொப்புளம் இல்லையாம். என்னை உட்காரச் சொன்னார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

'நீங்கள் எழுதியதை என் தங்கை மூன்று தடவை வாசித்தாள். நாற்பது நொடி என்ற இடத்தில் அவளை நிறுத்தச் சொல்லி, கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். அந்த நாற்பது நொடியும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது போதும். என் அப்பாவின் நிலவறையில் இருந்திருந்தாலும் அது இதைவிட நன்றாக இருந்திருக்காது. முனுசாமியிடம் இதைச் சொல்லுங்கள்.'

"அப்பா நெலவறையில இருந்தாலும்னு எழுதியிருக்காரா? இன்னொரு தபா படிங்க" என்றார் முனுசாமி. படித்தேன். அஞ்சலையையும் கூப்பிட்டு உட்கார வைத்து மூன்றாம் தடவை படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து உள்ளே போனார். சொம்பில் தண்ணீர் எடுப்பதும், மணல்மேல் ஊற்றுவதும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பானைக்கு அடியில் பாட்டில் கிடந்த இடம் நாலு மாதத்துக்குப் பிறகும் கருகருவென்று ஈரமாக இருந்தது.

சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எடம் அப்பிடியேதாங்க இருக்குது. இன்னொண்ணு குடுத்தனுப்பச் சொல்லுங்க, வெச்சிக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, முதல்முறையாகச் சிரித்தார். "ஆனா நீங்க கார்டு மட்டும் போடாதீங்க."